ஒரு போனில் ஓடுகிறது, இன்னொன்றில் விழுகிறது: பதிப்பு வேறுபாட்டுப் பிழைகளை அறிகுறி பார்த்துத் தீர்ப்பது

ஒரே ஆப், ஒரே வெளியீடு. ஒருவர் போனில் ஒழுங்காக ஓடுகிறது. இன்னொருவர் திறந்தவுடன் மூடிக்கொள்கிறது. மூன்றாமவருக்கு எல்லாம் சரி, அறிவிப்பு மட்டும் வருவதில்லை. "போன் பழசு, வேறு வாங்கிக்கொள்ளட்டும்" என்று சொல்லி இந்தப் புகார்களை மூடிவிட முடியும். ஆனால் நான் பார்த்தவரை தவறு பெரும்பாலும் போனில் இருப்பதில்லை. நம் கோடில்தான் (நிரலில்தான்) இருக்கிறது, தேடினால் கிடைக்கிறது.

தேடத் தொடங்கும் முன் சில எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். எஸ்டிகே என்பது ஆப் கட்டுவதற்கான கருவித் தொகுப்பு, ஏபிஐ என்பது சிஸ்டம் ஆப்புக்குக் கொடுக்கும் செயல்களின் பட்டியல். கம்பைல் எஸ்டிகே என்பது எந்தப் பதிப்பின் ஏபிஐ பட்டியலைப் பார்த்துக் கோடு கம்பைல் ஆகிறது என்பது. டார்கெட் எஸ்டிகே என்பது "இந்தப் பதிப்பின் விதிகள்வரை எனக்குத் தெரியும், அதன்படியே என்னை நடத்து" என்று ஆப் சிஸ்டத்திடம் கொடுக்கும் வாக்கு. மின் (மினிமம்) எஸ்டிகே, அதற்குக் கீழே உள்ள போனில் ஆப் நிறுவவே முடியாது என்ற எல்லை. இவற்றோடு புகார் சொன்னவர் கையில் இருக்கும் போனின் பதிப்பு. ஆண்ட்ராய்டு 8 என்றால் ஏபிஐ 26, 10 என்றால் 29, 12 என்றால் 31, 13 என்றால் 33, 15 என்றால் 35. நடுவில் உள்ள 32, 12எல் என்ற பதிப்பு. அதை மறந்துவிட்டு 12-க்கு அடுத்தது 13 என்று கணக்குப் போட்டுத்தான் பலர் நிபந்தனையில் ஓர் எண் தவறுகிறார்கள்.

நான் பின்பற்றும் கைக்கணக்கு இது: பழைய போனில் மட்டும் விழுந்தால் கம்பைல் எஸ்டிகேயைச் சந்தேகியுங்கள். புதிய போனில் மட்டும் விழுந்தால் டார்கெட் எஸ்டிகேயை. பதிப்பு எதுவானாலும் ஒரே தயாரிப்பாளரின் போன்களில் மட்டும் என்றால், இரண்டையும் விட்டுவிட்டு பேட்டரி அமைப்புக்குப் போங்கள்.

பழைய போனில் மட்டும் கிராஷ். எமுலேட்டரில் ஒன்றுமே தெரியவில்லை

லாகில் (ஆப் ஓடும்போது பதிவாகும் குறிப்புகளில்) 'நோ சச் மெத்தட் எரர்' அல்லது 'கிளாஸ் நாட் ஃபவுண்ட்' என்று இருக்கும். அந்த போனின் ஆண்ட்ராய்டில் இல்லாத ஒன்றை நம் கோடு கூப்பிடுகிறது என்று அர்த்தம்.

இதில் என்னை இரண்டு நாள் அலைக்கழித்த ஒன்றைச் சொல்கிறேன். தேடல் வரலாற்றை வைத்திருக்கும் ஒரு சிறிய பட்டியல். இருபதைத் தாண்டினால் முதலில் இருப்பதை நீக்க வேண்டும், அதற்கு கோட்லின் நிரல்மொழியில் 'ரிமூவ் ஃபர்ஸ்ட்' என்று ஒரே ஒரு வரி. வருடக்கணக்காக ஓடிய வரி, யாரும் தொடவில்லை. ஒரு வெளியீட்டுக்குப் பிறகு ஆண்ட்ராய்டு 14-லும் அதற்குக் கீழும் அந்த இடத்திலேயே கிராஷ். 15-ல் எதுவும் இல்லை. கிட் வரலாற்றில் அந்த ஃபைல் மாறவே இல்லை. மாறியிருந்தது பில்ட் ஃபைலில் ஒரே ஓர் எண்: கம்பைல் எஸ்டிகே 34-லிருந்து 35.

காரணம் இதுதான். அதுவரை 'ரிமூவ் ஃபர்ஸ்ட்' என்பது கோட்லின் தன் பங்குக்குச் சேர்த்துக்கொடுத்த நீட்டிப்புச் செயல். ஏபிஐ 35-ல் ஜாவாவின் லிஸ்ட்டுக்கே அதே பெயரில் சொந்தமாக ஒரு மெத்தட் வந்துவிட்டது. சொந்த மெத்தட் இருக்கும்போது கோட்லின் கம்பைலர் நீட்டிப்பைப் பார்ப்பதில்லை. எனவே அதே வரி இப்போது ஜாவாவின் மெத்தடைத் தேடுகிறது. பழைய போனில் அது கிடையாது. 'ரிமூவ் லாஸ்ட்' கதையும் இதேதான். தீர்வு: பூஜ்யமாவது இடத்தில் இருப்பதை நீக்கு, கடைசி இண்டெக்ஸில் இருப்பதை நீக்கு என்று 'ரிமூவ் அட்' வழியாக எழுதிவிடுங்கள். கோட் முழுக்க இந்த இரண்டு பெயர்களையும் இன்றே ஒருமுறை தேடிப் பாருங்கள். கம்பைல் எண்ணை உயர்த்துவது ஆபத்தில்லாத வேலை என்று நாம் எல்லோரும் சொல்லிப் பழகியிருக்கிறோம். அனேகமாக உண்மைதான், இந்த இடத்தில் மட்டும் இல்லை.

இந்த வகையில் மற்றவை இவ்வளவு மறைந்திருப்பதில்லை. ஜாவாவின் புதிய தேதி, நேர வகுப்புகள் ஏபிஐ 26-ல்தான் வந்தன. அதற்குக் கீழே தேவைப்பட்டால் புதிய ஜாவா வகுப்புகளை ஆப்போடு சேர்த்துக் கட்டிக்கொடுக்கும் கோர் லைப்ரரி டீசுகரிங்கை பில்டில் இயக்குங்கள். பதிப்பு எண்ணைச் சோதித்துவிட்டுக் கூப்பிடுங்கள், அல்லது அதே வேலைக்கு ஜெட்பேக்கில் (கூகுள் தரும் துணை லைப்ரரித் தொகுப்பில்) ஒரு 'காம்பாட்' வகுப்பு இருக்கிறதா என்று பாருங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, கோடை ஓட்டாமலே பிழை தேடும் லின்ட் கருவியின் 'நியூ ஏபிஐ' எச்சரிக்கையைப் பிழையாக மாற்றி, அது வந்தால் பில்டே நிற்கும்படி வையுங்கள். அந்த எச்சரிக்கையை அடக்கி வைத்த குறிப்புகள் எத்தனை உங்கள் கோடில் இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். நான் எண்ணியபோது பாதிக்கு மேல் யார் எதற்கு வைத்தார்கள் என்றே தெரியவில்லை.

புதிய போனில் மட்டும் கிராஷ். டார்கெட்டை உயர்த்திய வாரத்தில் ஆரம்பித்தது

டார்கெட்டைத் தொடாமலே வைத்திருக்கலாமே என்றால் முடியாது. கூகுள் பிளே ஆண்டுதோறும் இதை உயர்த்துகிறது. 2025 ஆகஸ்ட் 31 முதல் புதிய ஆப்களும் அப்டேட்களும் ஏபிஐ 35-ஐ டார்கெட் செய்ய வேண்டும் என்பது விதி. கெடு நெருங்கியபின் 30-லிருந்து 35-க்கு ஒரே தாவாகத் தாவுவதுதான் பெரும்பாலான கிராஷ்களின் பிறப்பிடம். ஒவ்வோர் எண்ணாக ஏறுங்கள். ஒவ்வொன்றுக்கும் தனி கமிட், தனி சோதனை.

ஏறும் வழியில் கால் இடறும் இடங்கள் ஓரளவு தெரிந்தவை. 31-ல், இன்டென்ட் ஃபில்டர் உள்ள ஆக்டிவிட்டி, சர்வீஸ், ரிசீவர் ஒவ்வொன்றுக்கும் 'எக்ஸ்போர்ட்டட்' (மற்ற ஆப்கள் கூப்பிடலாம்) உண்டா இல்லையா என்று ஆப்பின் அறிவிப்புக் கோப்பான மேனிஃபெஸ்டில் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் ஆண்ட்ராய்டு 12 போனில் ஆப் நிறுவப்படவே மாட்டாது. அதே 31-ல் பெண்டிங் இன்டென்ட்டுக்கு (நம் சார்பில் பிறகு செய்யும்படி சிஸ்டத்திடம் கொடுத்து வைக்கும் வேலைக்கு) 'இம்மியூட்டபிள்' அல்லது 'மியூட்டபிள்' கொடி வேண்டும். உங்கள் கோடில் எல்லா இடத்திலும் வைத்துவிட்டீர்கள், இருந்தும் விழுகிறதா? லாகில் வரிகளைக் கீழே படித்துக்கொண்டு போங்கள். பழைய லைப்ரரி ஒன்று நிற்கும். பின்னணி வேலைகளைக் கவனிக்கும் ஓர்க்மேனேஜர் லைப்ரரி 2.7.0-க்கு முந்தையதாக இருந்தால் முதலில் அதை உயர்த்துங்கள். 34-ல் ஒவ்வொரு ஃபோர்கிரவுண்ட் சர்வீஸுக்கும் (அறிவிப்பைக் காட்டியபடி ஓடும் வேலைக்கும்) அதன் வகை என்ன என்று அறிவிக்க வேண்டும். துல்லிய அலாரம் வைக்கும் அனுமதியும் ஆண்ட்ராய்டு 14-ல் புதிதாக நிறுவப்படும் ஆப்களுக்குத் தானாகக் கிடைப்பதில்லை. அனுமதி இருக்கிறதா என்று கேட்காமல் அலாரம் வைத்தால் செக்யூரிட்டி எக்ஸப்ஷன்.

எந்த மாற்றம் கிராஷுக்குக் காரணம் என்று பிடிபடவில்லையா? ஆண்ட்ராய்டு 11 முதல் டெவலப்பர் ஆப்ஷன்ஸில் 'ஆப் காம்பாட்டிபிலிட்டி சேஞ்சஸ்' என்று ஒரு பக்கம் இருக்கிறது. டீபக் பில்டைத் தேர்ந்தெடுத்தால் அந்தப் பதிப்பின் நடத்தை மாற்றங்கள் வரிசையாக வரும். ஒவ்வொன்றையும் தனியாக அணைத்து, இயக்கிப் பார்க்கலாம். ஒன்றை அணைத்ததும் கிராஷ் நின்றால் குற்றவாளி கையில். இவ்வளவு நல்ல வசதியைப் பலர் திறந்துகூடப் பார்க்காமல் இருப்பது எனக்கு வருத்தம்தான்.

சி, சி++ கோடு வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று. நினைவகப் பக்கம் 4 கேபி என்று நம்பிக் கட்டிய நேட்டிவ் லைப்ரரி, 16 கேபி பக்கம் உள்ள போனில் ஏறாமல் போகலாம். சி, சி++ கோடைக் கட்டும் கருவியான என்டிகேயின் 28-வது வெளியீட்டில் 16 கேபி சீரமைப்பு தானாகவே கிடைக்கிறது. நீங்கள் கட்டாத, வேறு யாரோ கொடுத்த '.எஸ்ஓ' ஃபைல்களைத்தான் ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். 16 கேபி எமுலேட்டர் இமேஜ் கிடைக்கிறது, அதில் ஒருமுறை திறந்து பாருங்கள்.

கிராஷ் இல்லை, ஆனால் கீழே உள்ள பட்டன் பாதி மறைந்திருக்கிறது

டார்கெட் 35, போன் ஆண்ட்ராய்டு 15. இரண்டும் சேர்ந்தால் ஆப் திரை முழுக்க, மேல் பட்டிக்கும் கீழ் பட்டிக்கும் அடியில்வரை வரையப்படும். 'சேமி' என்று எழுதியிருந்த பட்டனின் கீழ்ப்பாதி மூன்று வழிசெலுத்தல் குறிகளுக்கு அடியில் போய்விட்டிருக்கும். விரல் வைத்தால் ஹோம் திரைக்குப் போகும். நிரப்பிய படிவம் சேமிக்கப்படாமலே நிற்கும். சைகை வழிசெலுத்தல் வைத்திருக்கும் டெவலப்பர் போனில் மெல்லிய கோடுதான் மேலே விழும் என்பதால் நம் கண்ணில் இது படுவதில்லை. மூன்று பட்டன் முறைக்கு மாற்றி வைத்துப் பாருங்கள்.

தீம் ஃபைலில் இதற்கு விலக்குக் கேட்கும் ஒரு வரி உண்டு. அவசரத்துக்கு உதவும். ஆனால் டார்கெட் 36 ஆனதும் ஆண்ட்ராய்டு 16 அந்த வரியைப் பொருட்படுத்தாது. அதனால் விண்டோ இன்செட்ஸை (பட்டிகள் மறைக்கும் இடத்தின் அளவை) கேட்டு வாங்கி, அந்த அளவுக்கு பேடிங் கொடுப்பதே சரி. கம்போஸில் ஸ்கஃபோல்ட் கொடுக்கும் பேடிங்கை உள்ளடக்கத்துக்கு மறக்காமல் சேருங்கள். கீபோர்டு மேலே வரும்போதும் சோதியுங்கள், இரண்டாவது முறை உடைவது அங்கேதான்.

அறிவிப்பு வரவில்லை

ஒரே வாக்கியத்தில் வரும் புகார், பதிப்புக்கு ஒரு காரணம். அதனால் போனின் பதிப்பைத் தெரிந்துகொள்ளாமல் கோடைத் திறக்காதீர்கள்.

ஆண்ட்ராய்டு 8 முதல் அறிவிப்புக்குச் சேனல் வேண்டும். சேனல் இல்லாமல் அனுப்பியது சத்தமில்லாமல் காணாமல் போகும். 13-ல் என்றால் அனுமதிதான் காரணம். புதிதாக நிறுவிய ஆப்புக்கு அறிவிப்பு முதலில் அணைந்தே இருக்கும், கேட்டு வாங்க வேண்டும். ஆப் திறந்த முதல் நொடியிலேயே கேட்காதீர்கள். எதற்கு என்று தெரியாமல் ஒருவர் இரண்டு முறை மறுத்துவிட்டால் அப்புறம் அந்தக் கேள்வியே திரையில் வராது. அவர் ஒரு நினைவூட்டலை வைக்கும்போதோ ஓர் ஆர்டரை உறுதிசெய்யும்போதோ கேட்டால் காரணம் அவருக்கே விளங்கும்.

12-லும் அதற்குக் கீழும் திடீரென்று நின்றுவிட்டது என்றால்? இது நாமே உண்டாக்கிக்கொள்வது. 13-க்காக "அறிவிப்பு அனுமதி இருக்கிறதா" என்று ஒரு சோதனை எழுதியிருப்போம். பழைய போனுக்கு அப்படி ஓர் அனுமதி இருப்பதே தெரியாது. தெரியாத அனுமதியைக் கேட்டால் பிளாட்ஃபார்ம் 'மறுக்கப்பட்டது' என்றே சொல்லும். உடனே நம் கோடு அறிவிப்பை அனுப்பாமல் திரும்பிவிடும். புதிய வசதியை ஆர்வமாகச் சேர்க்கப் போய் பழைய போன்காரரிடமிருந்து இருந்ததையும் பிடுங்கிக்கொண்டோம். சோதனையை ஏபிஐ 33-லும் அதற்கு மேலும் மட்டும் செய்யுங்கள், அல்லது நோட்டிஃபிகேஷன் மேனேஜர் காம்பாட்டிடம் "அறிவிப்பு இயங்குகிறதா" என்றே நேராகக் கேளுங்கள். அது எல்லாப் பதிப்பிலும் சரியான பதில் தரும்.

கேலரி திறக்கவில்லை, படம் சேர்க்க முடியவில்லை

மேலே சொன்னதன் உடன்பிறப்பு. 13-ல் ஓடும், 33-ஐ டார்கெட் செய்யும் ஆப்பில் பழைய சேமிப்பக அனுமதியைக் கேட்டால் கேள்வி வராமலே மறுப்பு வரும். 12-ல், படங்களுக்கென 13-ல் வந்த புதிய அனுமதியைக் கேட்டாலும் அப்படியே. பதிப்புக்கு ஏற்ப இரண்டில் ஒன்றைக் கேட்டு, பழையதற்கு மேனிஃபெஸ்டில் 32 என்ற உச்ச எல்லையை வைத்தால் சரியாகும்.

ஆனால் பயனர் ஒன்றிரண்டு படத்தைத் தேர்ந்தெடுக்கத்தான் வேண்டும் என்றால் இந்த அனுமதி எதுவுமே தேவையில்லை. ஃபோட்டோ பிக்கரை ஜெட்பேக் வழியாகக் கூப்பிடுங்கள். 13-ல் இது உள்ளேயே வந்தது. பிறகு சிஸ்டம் மாட்யூல் அப்டேட் வழியாக 11, 12-க்கும் போனது. கூகுள் பிளே சர்வீசஸ் வழியாக அதற்கும் கீழே போகிறது. எதுவும் கிடைக்காத போனில் கோப்பு தேர்வுத் திரை திறக்கும். நம் கோடில் அதே இரண்டு வரிதான்.

இதை நான் கொஞ்சம் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. "இந்த வசதி 13-ல் வந்தது, நம் பயனர்களில் பாதிப்பேர்கூட 13-ல் இல்லை, இரண்டு வருடம் கழித்துப் பார்க்கலாம்" என்று நாம் ஒதுக்கிவைக்கும் பல வசதிகள் ஏற்கெனவே பழைய போனுக்கு வந்துவிட்டன. ஆண்ட்ராய்டு 10-ல் தொடங்கிய மெயின்லைன் திட்டம் முதல், சிஸ்டத்தின் சில பகுதிகள் முழு ஓஎஸ் அப்டேட்டுக்குக் காத்திராமல் தனியாக மாறுகின்றன. அதனால் பதிப்பு எண் என்பது போனைப் பற்றிய முழு உண்மை இல்லை. வசதி இருக்கிறதா என்று அந்த வசதியிடமே கேட்க வழி இருந்தால், எண்ணைக் கேட்காதீர்கள்.

சில போன்களில் மட்டும் பின்னணி வேலை நின்றுவிடுகிறது

பதிப்பு ஒன்றே, தயாரிப்பாளர் வேறு. ஆண்ட்ராய்டு 6-ல் வந்த டோஸ் (சும்மா கிடக்கும் போனில் பின்னணி வேலையை ஒத்திப்போடுவது), 9-ல் வந்த ஸ்டேண்ட்பை பக்கெட் (அதிகம் பயன்படாத ஆப்பைக் கட்டுப்படுத்துவது) ஆகியவை எல்லாப் போனுக்கும் பொது. சில தயாரிப்பாளர்கள் அதற்கு மேல் தங்கள் சொந்தப் பேட்டரி சேமிப்பையும் வைக்கிறார்கள். சமீபத்திய ஆப்கள் பட்டியலிலிருந்து தள்ளிவிட்டாலே ஆப்பை முழுக்க நிறுத்திவிடும் போன்கள் இருக்கின்றன. இதற்கு ஒரு மருந்து கிடையாது. ஒத்திப்போடக்கூடிய வேலையை ஓர்க்மேனேஜரிடம் கொடுங்கள். உடனே சேர வேண்டியதை சர்வரிலிருந்து உயர் முன்னுரிமைப் புஷ்ஷாக அனுப்புங்கள். ஆப் மீண்டும் திறக்கும்போது விட்டுப்போனதைப் பிடித்துக்கொள்ளும்படி எழுதுங்கள். பேட்டரி கட்டுப்பாட்டை நீக்கச் சொல்லிப் பயனரை அமைப்புகளுக்குள் அனுப்புவது கடைசி வழி. மருந்து நேரத்தை நினைவூட்டும் ஆப் என்றால் தயங்காமல் கேளுங்கள். சலுகை அறிவிப்புக்காகக் கேட்காதீர்கள்.

"இணைய இணைப்பு இல்லை" என்கிறது, இணைப்பு இருக்கிறது

முகவரி 'எச்டிடிபி' என்று தொடங்குகிறதா? 28 முதல் டார்கெட் செய்யும் ஆப்புக்கு குறியாக்கம் இல்லாத இணைப்பு தானாகவே தடை. சர்வரை எச்டிடிபிஎஸ்ஸுக்கு மாற்றுங்கள்.

ஏற்கெனவே எச்டிடிபிஎஸ்தான், போனும் 7.1.1-க்கு முந்தையது என்றால் சான்றிதழைப் பாருங்கள். இலவசச் சான்றிதழ் தரும் லெட்ஸ் என்கிரிப்ட்டின் மூலச் சான்றிதழான ஐஎஸ்ஆர்ஜி ரூட் எக்ஸ்1 அந்தப் போன்களின் நம்பிக்கைப் பட்டியலில் இல்லை. அவற்றைத் தாங்கிப் பிடித்திருந்த குறுக்குக் கையொப்பம் 2024 செப்டம்பரோடு முடிந்துவிட்டது. ஃபயர்பாக்ஸ் தன் சொந்தப் பட்டியலை வைத்திருப்பதால் அதில் அதே தளம் திறக்கும், நமக்குக் குழப்பம் கூடும். ஆண்ட்ராய்டு 7.0 என்றால் அந்த மூலச் சான்றிதழை ஆப்புக்குள் வைத்து நெட்வொர்க் செக்யூரிட்டி கான்ஃபிக்கில் சேர்க்கலாம். அதற்கும் கீழே அந்த வசதி கிடையாது, கோடில் டிரஸ்ட் மேனேஜர் எழுத வேண்டும். எல்லாச் சான்றிதழையும் நம்பு என்று எழுதிவிடும் அந்தச் சின்னக் கோடை மட்டும் எக்காரணம் கொண்டும் ஒட்டாதீர்கள். பழைய போன் வைத்திருப்பவருக்கும் அவருடைய கடவுச்சொல் அவருடையதுதான்.

வெப்வியூ திரை மட்டும் வெள்ளையாக நிற்கிறது

ஆப்புக்குள் இணையப் பக்கத்தைக் காட்டும் வெப்வியூ, ஆண்ட்ராய்டு 5 முதல் தனியாக அப்டேட் ஆகும் பகுதி. ஓஎஸ் பழையதாக இருந்தாலும் இது புதியதாக இருக்கலாம், மாறாகவும் இருக்கலாம். எனவே புகாரில் வெப்வியூ பதிப்பையும் சேர்த்து அனுப்பும்படி செய்யுங்கள். 2021 மார்ச்சில் ஒரு வெப்வியூ அப்டேட்டால் உலகம் முழுக்க ஆப்கள் திறந்தவுடன் மூடிக்கொண்டன, எந்த ஆப்பின் கோடிலும் தவறில்லை. ஒரே நாளில் எல்லாப் பதிப்பிலிருந்தும் கிராஷ் குவிந்தால் உங்கள் கடைசிக் கமிட்டைத் திருப்புவதற்கு முன் இதைப் பாருங்கள்.

ஐபோனில் வரும் அறிகுறிகள்

அங்கே பதிப்புகள் குறைவு, அப்டேட்டும் வேகமாகப் பரவுகிறது. இருந்தாலும் சில போன்கள் ஓரிடத்தில் நின்றுவிடும். ஐபோன் 7-க்கு ஐஓஎஸ் 15-தான் கடைசி, ஐபோன் 8-க்கும் எக்ஸுக்கும் (டென்) 16. ஸ்விஃப்ட்யூஐயின் நேவிகேஷன் ஸ்டாக் 16-ல் வந்தது, ஸ்விஃப்ட்டேட்டா 17-ல். 'அவைலபிள்' நிபந்தனை இல்லாமல் எழுதினால், பழைய பதிப்பையும் ஆதரிக்கும் ஆப்பை ஆப்பிளின் ஆப் கட்டும் கருவியான எக்ஸ்கோடு கம்பைல் செய்யவே விடாது. அதனால் ஆண்ட்ராய்டில் பயனரிடம் போய் வெடிப்பது இங்கே நம் மேசையிலேயே தெரிந்துவிடுகிறது. அதையும் மீறி ஆப் திறக்கும்போதே 'சிம்பல் நாட் ஃபவுண்ட்' என்று விழுந்தால், முன்பே கட்டிச் சேர்த்த ஃபிரேம்வொர்க் ஒன்றைச் சந்தேகியுங்கள்.

இங்கே டார்கெட் என்று தனி எண் இல்லை. எந்த எஸ்டிகேயில் கட்டுகிறோமோ அதன் நடத்தையும் கூடவே வந்துவிடுகிறது. ஐஓஎஸ் 15 எஸ்டிகேயில் கட்டியவுடன் நேவிகேஷன் பாரின் நிறம் காணாமல் போனது இப்படித்தான், 'ஸ்க்ரோல் எட்ஜ் அப்பியரன்ஸ்' கொடுத்தால் திரும்பி வரும். எக்ஸ்கோடு 26-ல் கட்டினால் ஐஓஎஸ் 26-ல் திரைகளின் தோற்றமே மாறுவதும் அதனால்தான். புதிய எக்ஸ்கோடுக்கு மாறும் நாளை, டார்கெட் உயர்த்தும் நாளாகவே நினைத்து முழுச் சோதனை செய்யுங்கள்.

லைப்ரரியை அப்டேட் செய்தால் பில்டே நின்றுவிடுகிறது

"உங்கள் மின் எஸ்டிகே 21, இந்த லைப்ரரிக்கு 23 வேண்டும்" என்று மேனிஃபெஸ்ட் மெர்ஜர் சொல்லும். அதை மீறச் சொல்லும் 'ஓவர்ரைடு லைப்ரரி' வரியை ஒட்டினால் பில்ட் ஓடிவிடும், பிழை பயனரிடம் போய் நிற்கும். அந்த லைப்ரரியைக் கூப்பிடும் ஒவ்வோர் இடத்தையும் பதிப்புச் சோதனைக்குள் வைக்க உங்களால் முடியும் என்றால் மட்டும் செய்யுங்கள்.

முடியாது என்றால் இரண்டு வழி. லைப்ரரியின் முந்தைய பதிப்பிலேயே இருக்கலாம், அதில் பாதுகாப்புத் திருத்தங்கள் இன்னும் வருகிறதா என்று பார்த்துக்கொண்டு. இல்லையேல் மின் எஸ்டிகேயை உயர்த்தலாம். உயர்த்துவதற்கு முன் பொதுப் புள்ளிவிவரத்தைப் பார்க்காதீர்கள், பிளே கன்சோலில் உங்கள் ஆப்பின் சொந்த எண்ணிக்கையைப் பாருங்கள். அதில் வெறும் சதவீதத்தோடு நிற்காமல், அந்தப் பதிப்பில் இருப்பவர்கள் ஆப்பில் என்ன செய்கிறார்கள் என்றும் பாருங்கள். அப்புறம், உயர்த்துவதற்கு முந்தைய கடைசி வெளியீட்டில் தெரிந்த கிராஷ் எல்லாவற்றையும் தீர்த்துவிடுங்கள், பழைய சர்வர் முகவரியும் எத்தனை மாதம் இயங்கும் என்று குழுவில் பேசி எழுதி வையுங்கள். ஆப் ஸ்டோர் பழைய ஐபோனுக்கு அதற்குப் பொருந்தும் கடைசிப் பதிப்பைத் தரும். பிளேயிலும் பழைய பில்டை வெளியீட்டோடு சேர்த்து வைத்துக்கொள்ள இடமுண்டு. அந்தப் போன்களில் இனி வருடக்கணக்காக ஓடப்போவது அந்த ஒரு பில்ட்தான்.